நகப்பூச்சு வைத்த மேகசின்கள்

ஹுமைத் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார்,
பல்வலிப் பிள்ளையை
டாக்டரிடம் ஒப்படைக்கிற மாதிரி.
குழல் ஒரு நாடு, கட்டை ஒரு நாடு,
விசை வேறெங்கோ.
ஒரு வருடம் பொறுக்கிச் சேர்த்தது.
"மூன்றாவதில் சிக்குகிறது.
எப்போதும் மூன்றாவதில்."

எப்போதும் என்கிறவர்களை நான் நம்புவதில்லை.
சிவகாசியில் ஆஃப்செட் மெஷினுக்குத்
தாள் ஊட்டுகிற முனையில் ஒன்பது வருடம் நின்றவன்.
"எப்பவுமே ரெட்டைத் தாள் இழுக்குது" என்பார் முதலாளி.
எண்ணினால் நாற்பதுக்கு ஒன்று இருக்கும்.
அதுவும் ஈரக்காற்று அடிக்கிற அன்றைக்கு.

ஆக, முதலில் எண்ணினேன்.
மேகசின் ஐந்து. ஐந்தும் கறுப்பு, ஒரே முகம்.
பேனாவில் எழுதினால் எண்ணெய் தின்றுவிடும்.
ரிசப்ஷன் மாரிசெல்லிடம் நகப்பூச்சு வாங்கி
ஒன்றுக்கு ஒரு பொட்டு, இரண்டுக்கு இரண்டு,
இப்படி ஐந்து வரை வைத்துக் காய விட்டேன்.
ஏசிக் காற்றில் பட்டறை முழுக்க
பியூட்டி பார்லர் வாசனை.

பிறகு டம்மி. மருந்தில்லாத பித்தளை.
நிரப்பு, செருகு, இழு, விடு.
ஒரு பொட்டு: பத்தும் ஏறின.
இரண்டு பொட்டு: பத்தும்.
மூன்று பொட்டில்
நாலாவது தோட்டா மூக்கைத் தாழ்த்தி
வாசற்படியில் முட்டி நின்றது,
எந்தப் பந்தியில் உட்காருவதென்று தெரியாமல்
கல்யாண மண்டபத்தில் நிற்கிற ஆள் போல.
மறுபடி செய்தேன். மறுபடி முட்டியது.

குல்ஜமான் எட்டிப் பார்த்தான்.
"ஏறுபாதையைத் தேய்" என்றான்.
அவனுக்கு எல்லா நோய்க்கும் அரம்தான் மருந்து.
தேய்த்த இரும்பு திரும்பி வராது, பாய்.
விரல் விட்டுத் தடவினேன். வழவழப்பு.
வீட்டில் கோளாறில்லை,
வந்து நுழைகிறவனிடம்தான்.

மூன்று பொட்டின் அடித்தட்டைக் கழற்றியதும்
சுருள்வில் துள்ளி ஃபிரிட்ஜுக்கு அடியில் போனது.
குப்புறப் படுத்து ஸ்கேலால் இழுத்தேன்.
கூடவே ஒரு பேரீச்சங்கொட்டை,
யாரோ தேடியிருக்கக்கூடிய ஒரு திருகாணி.
மேகசின் வயிற்றில் அல் ஐன் மணல்,
மிளகாய்ப்பொடி நிறத்தில்,
எண்ணெயில் குழைந்து சட்னியாக.
அது பாதிக் காரணம்.
மீதி: வில் முன்பின் மாறி இருந்தது.
முன்னால் நிமிர வேண்டிய மேடை
முன்னால் குனிந்தது.
தோட்டாவும் குனிந்தது, அவ்வளவுதான்.
மூன்று என்ற எண் மட்டும் சரி.
அவர் தோட்டாவை எண்ணினார்,
எண்ண வேண்டியது பெட்டியை.

ஐந்து பொட்டின் உதடு மயிரிழை விரிந்திருந்தது.
எப்போதோ சிமெண்ட் தரையில் விழுந்திருக்கும்.
குறடால் அமுக்கினால் ஒரு வாரம் வேலை செய்யும்.
அமுக்கவில்லை. தனியே எடுத்து வைத்தேன்.

கடைசியாக யார் பிரித்துக் கழுவியது
என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
"வில் களைத்திருந்தது, சார்."
ஹுமைத் தாடியைச் சொறிந்து
ஜெபல் ஹபீத் மலையை ஜன்னல் வழியே பார்த்தார்.
"நீயே ஒரு தரம் சுட்டுப் பார்."

ரோடெல் வாசலில் நின்று தலையாட்டினான், கூடாதென்று.
என் அட்டையில் தொழில்: கிளீனர்.
நாலு வருடத்தில் இந்தக் கையில்
முந்நூறு துப்பாக்கி வந்து போயிருக்கும்.
ஒன்றைக்கூட நான் சுட்டதில்லை.
உதை எந்தத் தோளில் எவ்வளவு என்று
மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

சுவருக்கு இந்தப் பக்கம் நின்று
தாள் எண்ணுகிற மாதிரி எண்ணினேன்.
ஏழு. எட்டு.
எட்டுக்குப் பிறகு அவர் மூச்சு விட்டார் போல,
என் வயிறு இறங்கிப்போனது.
ஒன்பது. பத்து.
அப்புறம் மௌனம்.
சிக்கின மௌனம் வேறு, காலியான மௌனம் வேறு.
இது காலி.

நகப்பூச்சைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
"நீயே வைத்துக்கொள்,
அந்த நிறம் எனக்குப் பிடிக்கவேயில்லை" என்றாள் மாரிசெல்.